ஆளைப் பார்த்து வேலை கொடுத்தவர்

புஸ்காஸ் என்ற பெயரை அறியாத காற்பந்து ரசிகர் நம் நாட்டில் இருக்க முடியாது. ஹங்கேரி நாட்டின் அந்த மாபெரும் ஆட்டக்காரரின் பெயரால் உலகக் காற்பந்துச் சம்மேளனம் ஆண்டின் சிறந்த கோலுக்கு ஒரு விருது கொடுத்து வருகிறது. 2016ஆம் ஆண்டுக்கான அந்த விருதைப் பினாங்குக் குழுவின் ஃபாயிஸ் சுப்ரி பெற்றபோது நம் வீடுகளிலும் அந்தப் பெயர் அடிபட்டது.

புஸ்காஸ் ஆடிய சங்கத்தின் பெயர் ஹோன்வேத். புடாபெஸ்ட் நகரத்து இராணுவச் சங்கம் அது. அதே சங்கத்தில், அதே 1950களில், ஓட்டக்காரர்களைப் பழக்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பற்றிக் கேட்டால் பலரும் உதட்டைப் பிதுக்குவார்கள். மிஹாய் இக்லோய் என்பது அவர் பெயர். தாம் ஓடிப் பெரும்புகழ் பெற்றவர் அல்லர். ஆனால் அவர் கைபட்ட பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக உலகச் சாதனைகளை முறியடித்தார்கள். நாடு விட்டு நாடு போன பிறகும் அது நிற்கவில்லை.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பல ஆண்டுகள் பிள்ளைகளை ஓடப் பழக்கியவன் என்ற முறையில், இந்த மனிதரின் கதை எனக்கு மிகவும் நெருக்கமானது. ஓட்டத்தில் அக்கறை இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம். பிள்ளை வளர்ப்பவர்களுக்கும், பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கும் இதில் சேதி உண்டு.

பெர்லினில் ஓடிய இளைஞர்

இக்லோய் 1908ஆம் ஆண்டு புடாபெஸ்டில் பிறந்தவர். இளமையில் நல்ல நடுத்தூர ஓட்டக்காரர். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் ஹங்கேரிக்காக ஓடினார். 1500 மீட்டர் என்பது நம் பள்ளித் திடலில் போடும் 400 மீட்டர் வட்டத்தை மூன்றே முக்கால் முறை சுற்றுவதாகும். முதல் சுற்றிலேயே அவர் ஆட்டம் முடிந்துவிட்டது. இறுதிப் போட்டிக்கு அவர் வரவில்லை. அந்தப் போட்டியில் நியூசிலாந்தின் ஜாக் லவ்லக் 3 நிமிடம் 47.8 வினாடியில் உலகச் சாதனையோடு தங்கம் வென்றார்.

தோற்றுப்போன ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் வீட்டுக்குப் போய் வேறு வேலை பார்ப்பார்கள். இக்லோய் ஓட்டத்தை விடவில்லை. ஒரு மனித உடம்பு வேகத்துக்கும் நெடுந்தூரத்துக்கும் எப்படிப் பழகுகிறது என்பதை ஆராயத் தொடங்கினார். போர் வந்தது, போனது. 1950களில் ஹோன்வேத் சங்கத்தின் பயிற்றுநராக அவரைக் காண்கிறோம்.

சிறு துண்டுகளாக ஒரு பெரிய ஓட்டம்

அந்தக் காலத்தில் நீண்டதூர ஓட்டக்காரர் என்றால் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டொபெக்தான் எல்லார் கண்ணிலும் நின்றார். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தோன் ஆகிய மூன்றிலும் அவர் தங்கம் வென்றார். அவருடைய பயிற்சி, 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடுவது. ஒரு தடவை ஓடி, கொஞ்சம் மெதுவோட்டம், மறுபடியும் ஓட்டம். இப்படி எத்தனையோ தடவை. ஜெர்மனியிலோ இருதயத் துடிப்பை எண்ணி, அது இந்த அளவுக்கு இறங்கினால்தான் அடுத்த ஓட்டம் என்று கணக்குப் போட்டுப் பயிற்சி கொடுத்தார்கள்.

இக்லோயும் நெடுந்தூரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டினார். ஆனால் அவர் வெட்டிய விதம் வேறு. 100 மீட்டர், 150 மீட்டர், 200 மீட்டர், 400 மீட்டர் என்று துண்டுகள் மாறி மாறி வரும். பத்துத் துண்டு ஒரு கட்டு, பிறகு வேறு அளவில் இன்னொரு கட்டு. கட்டுக்கும் கட்டுக்கும் இடையே நின்று இளைப்பாறுவது கிடையாது. மெதுவோட்டம்தான் இளைப்பாறல். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஆண்டு முழுவதும் இப்படித்தான்.

இதைவிட முக்கியமானது, எவ்வளவு வேகம் என்பதை அவர் சொன்ன முறை. “இத்தனை வினாடியில் ஓடு” என்று சொல்வதைவிட, “இலேசாக ஓடு”, “தெம்பாக ஓடு”, “நன்றாக ஓடு”, “கடுமையாக ஓடு” என்று முயற்சியின் அளவைச் சொல்வதே அவர் வழக்கம். ஒருவனுக்கு இலேசான வேகம் இன்னொருவனுக்குக் கடுமையாக இருக்கலாம். நேற்றுத் தெம்பாக ஓடிய வேகம் இன்று அதே பையனுக்கு மூச்சு முட்டலாம். உடம்பு ஒவ்வொரு நாளும் ஒன்றாக இருப்பதில்லை என்பதே அவர் பாடத்தின் அடிப்படை.

இன்றைக்கு என்ன வேலை என்று ஓட்டக்காரர்களுக்கு அவர் முன்கூட்டிச் சொல்வதும் கிடையாது. எழுதி ஒட்டிய அட்டவணை இல்லை. ஓட்டக்காரன் வந்து உடம்பைச் சூடாக்குவான். இக்லோய் பந்தயப் பாதையின் ஓரத்தில் நின்று பார்ப்பார். தோள் இறுகியிருக்கிறதா, காலடி ஒரே சீராக விழுகிறதா, முகம் எப்படி இருக்கிறது, மூச்சு எப்படி வருகிறது? எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அவனுக்கு மட்டும் அன்றைய முதல் கட்டைச் சொல்வார். அது முடிந்ததும் மறுபடி பார்ப்பார். அடுத்த கட்டைச் சொல்வார். பக்கத்தில் ஓடுகிறவனுக்குக் கிடைத்த வேலை வேறாக இருக்கும். பத்துப் பேர் ஒரே பாதையில் சுற்றினாலும் பத்துப் பேருக்கும் பத்து விதமான வேலை.

இதைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது என் தாயாரின் உளிதான். அம்மா பால்மரம் வெட்டியவர். நானூறு, ஐந்நூறு மரங்கள் கொண்ட நிரை. இருட்டோடு பெரட்டு முடிந்து காட்டுக்குள் இறங்கினால், ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூட நிற்க முடியாது. ஆனாலும் ஒவ்வொரு மரத்திலும் உளி வைக்குமுன் பட்டையை ஒரு பார்வை பார்ப்பார். மெல்லிசாக ஒரு சீவல். அவ்வளவுதான். ஆழம் குறைந்தால் மங்கில் பால் விழாது. ஆழம் கூடினால் பட்டைக்கு உள்ளே மரத்தில் காயம் பட்டு, பிற்பாடு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். அதற்குப் பிறகு அங்கே உளி ஓடாது. தடித்த பட்டைக்கு ஒரு கை, மெல்லிய பட்டைக்கு ஒரு கை. இதை யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கை அறிந்திருந்தது.

இக்லோய் செய்ததும் அதுதான். ஒவ்வொரு நாளும் மெல்லிய ஒரு சீவல். காயம் படுவதற்கு ஒரு நூலிழை முன்னால் உளியை எடுத்துவிட வேண்டும். நாளைக்கும் அதே மரத்தில் பால் எடுக்க வேண்டுமல்லவா?

உலகம் வியந்த 1955

1954 மே 6ஆம் தேதி இங்கிலாந்தின் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி, நான்கு நிமிடத் தடையை முதலில் உடைத்தார். ஆறு வாரத்தில் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி இரண்டாமவரானார். மூன்றாமவர் யார்? 1955 மே 28ஆம் தேதி லண்டன் வைட் சிட்டி அரங்கில், உள்ளூர் வீரர்கள் கிறிஸ் சாட்டவே, பிரையன் ஹியூசன் இருவரையும் முந்திக்கொண்டு 3 நிமிடம் 59.0 வினாடியில் வந்தார் ஓர் இளைஞர். அவர் லாஸ்லோ தாபோரி, இக்லோயின் மாணவர். பின்னால் வந்த இரண்டு ஆங்கிலேயர்களும் 3 நிமிடம் 59.8 வினாடி. ஒரே பந்தயத்தில் மூன்று பேர் நான்கு நிமிடத்துக்குள் ஓடியது அதுவே முதல் முறை.

இரண்டு நாள் கழித்து அதே அரங்கில் இக்லோயின் இன்னொரு மாணவர் ஷாந்தோர் இஹாரோஷ் இரண்டு மைல் ஓட்டத்தில் 8 நிமிடம் 33.4 வினாடி என்று உலகச் சாதனை படைத்தார். 3000 மீட்டர் சாதனையை அதே மாதத்தில் முன்பே அவர் தட்டியிருந்தார். ஜூலையில் ஹெல்சிங்கியில் 1500 மீட்டரை 3 நிமிடம் 40.8 வினாடியில் ஓடி அந்தச் சாதனையையும் பிடித்தார். செப்டம்பரில் தாபோரி ஆஸ்லோ நகரில் அதே 3:40.8 வினாடியில் ஓடிப் பங்கு கேட்டார். செப்டம்பரிலும் அக்டோபரிலும் இஹாரோஷ் 5000 மீட்டர் சாதனையை இரண்டு தடவை மாற்றி, 13 நிமிடம் 40.6 வினாடியில் கொண்டுவந்து நிறுத்தினார். மூன்றாவது மாணவர் இஷ்த்வான் ரோஷாவோல்கி 1000 மீட்டரிலும் 2000 மீட்டரிலும் சாதனைகளைத் தமதாக்கினார்.

அடுத்த ஆண்டும் கை ஓயவில்லை. 1956 ஜூலையில் இஹாரோஷ் 10,000 மீட்டரை 28 நிமிடம் 42.8 வினாடியில் ஓடினார். 1500, 5000, 10,000 மீட்டர் ஆகிய மூன்றிலும் உலகச் சாதனை கண்ட பெருமை, ஃபின்லாந்தின் பாவோ நூர்மிக்குப் பிறகு இவருக்கு வாய்த்தது. ஆகஸ்ட்டில் ரோஷாவோல்கி 1500 மீட்டர் சாதனையை இன்னும் குறைத்தார்.

ஒரு சிறிய நாடு. ஒரு நகரம். ஒரு சங்கம். ஒரு பயிற்றுநர். மூன்று பிள்ளைகள். மெல்பர்ன் ஒலிம்பிக்குக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. தங்கங்களை எண்ணிப் பார்க்காத ஹங்கேரியர் இருந்திருக்க மாட்டார்.

கை நழுவிய மெல்பர்ன்

1956 அக்டோபர் 23ஆம் தேதி புடாபெஸ்டில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராகப் புரட்சி வெடித்தது. நவம்பர் 4ஆம் தேதி சோவியத் டாங்கிகள் நகருக்குள் நுழைந்தன. ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். மெல்பர்ன் ஒலிம்பிக் தொடங்கியதோ நவம்பர் 22ஆம் தேதி. பதினெட்டே நாள் இடைவெளி!

வீட்டில் என்ன நடக்கிறது, தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாத பிள்ளைகளிடம் “நன்றாக ஓடு” என்று சொன்னால் கால் எப்படி ஓடும்? இஹாரோஷ் அங்கே பந்தயத்தில் இறங்கவே இல்லை. 1500 மீட்டரின் உலகச் சாதனையாளரான ரோஷாவோல்கி முதல் சுற்றோடு வெளியேறினார். தாபோரி மட்டும் 1500 மீட்டரில் நான்காவதாகவும் 5000 மீட்டரில் ஆறாவதாகவும் வந்தார். அந்த மூவரில் ஒருவருக்கும் பதக்கம் இல்லை. ஓராண்டுக்கு முன் உலகத்தையே புரட்டிப் போட்ட கூட்டம் அது. அதே மெல்பர்னில், ஹங்கேரியும் சோவியத் யூனியனும் மோதிய நீர்ப்பந்தாட்டத்தில் அடிதடியாகிக் குளத்துத் தண்ணீரில் இரத்தம் கலந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

போட்டிகள் முடிந்தன. கப்பலா, விமானமா என்பதல்ல அப்போது கேள்வி. வீட்டுக்குத் திரும்புவதா, வேண்டாமா என்பதுதான். ரோஷாவோல்கி திரும்பினார். இக்லோயும் தாபோரியும் திரும்பவில்லை. அமெரிக்காவுக்குப் போனார்கள். இக்லோய்க்கு அப்போது வயது 48. முப்பது வருடமாகச் சேர்த்த பெயர், சங்கம், மாணவர்கள், தாய்மொழி எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. எடுத்துக்கொண்டு போக முடிந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு மனிதன் ஓடுவதைப் பார்த்து அவனுக்கு என்ன தேவை என்று சொல்லும் கண்.

கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தக் கண்ணின் விலை நமக்குப் புரியும். தகரப் பெட்டியில் எதைக் கொண்டு வந்தார்களோ இல்லையோ, கையில் இருந்த வேலையைக் கொண்டு வந்தார்கள்.

அரைகுறை ஆங்கிலத்தில் முழுப் பயிற்சி

கலிபோர்னியா மாநிலத்தில் சான்டா கிளாராப் பகுதியில் இளைஞர் மன்றம் ஒன்றில் இக்லோய் மீண்டும் தொடங்கினார். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போய், லாஸ் ஏஞ்சல்ஸ் டிராக் கிளப்பை நடத்தினார். ஆங்கிலம் அரைகுறை. ஆனால் “இலேசு”, “நல்லது”, “கடுமை” என்ற நாலைந்து சொற்களே அவருக்குப் போதுமாயிருந்தன. மீதியைக் கண் பார்த்துக்கொண்டது. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் விடியலில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் திடலுக்கு வந்தார்கள்.

அப்போது அமெரிக்கா குறுந்தூர ஓட்டத்தில் புலி. நெடுந்தூரத்தில் அதற்குப் பேர் சொல்ல ஆள் குறைவு. இக்லோயிடம் வந்த மாக்ஸ் துருவெக்ஸ் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் ஆறாவதாக வந்தார். அமெரிக்கர்கள் அதையே பெரிதாகக் கொண்டாடினார்கள்.

கல்லூரி முடிந்து ஓட்டத்தை விட்டிருந்த ஜிம் பீட்டி என்பவர் இக்லோயைத் தேடி வந்தார். ஆள் உயரமும் இல்லை. 1962 பிப்ரவரி 10ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் உள்ளரங்கில் ஒரு மைலை 3 நிமிடம் 58.9 வினாடியில் ஓடி, கூரைக்குக் கீழே நான்கு நிமிடத்தை உடைத்த முதல் மனிதரானார். அதே ஆண்டு ஜூனில் இரண்டு மைல் சாதனையை 8 நிமிடம் 29.8 வினாடிக்குக் கொண்டுவந்தார்.

அந்த இரண்டு மைல் கணக்கை நினைவில் வையுங்கள். 1955இல் இஹாரோஷ், 1962இல் பீட்டி, 1964இல் பாப் ஷுல். மூவரும் வெவ்வேறு ஆண்டுகளில் அந்த உலகச் சாதனையை வைத்திருந்தார்கள். இரண்டு நாடுகள், இரண்டு மொழிகள். மூவரும் இக்லோயின் மாணவர்கள்.

ஆஸ்துமாக்காரர் வென்ற தங்கம்

பாப் ஷுல் ஒஹாயோ மாநிலத்துப் பண்ணையில் வளர்ந்தவர். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. மூச்சுத் திணறலோடு வாழ்கிற பிள்ளையை நெடுந்தூர ஓட்டத்துக்கு அனுப்ப யார் துணிவார்கள்? விமானப்படையில் இருந்தபோது துருவெக்ஸின் மூலம் 1961ஆம் ஆண்டு இக்லோயிடம் வந்து சேர்ந்தார்.

இந்த இடத்தில் இக்லோயைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அவர் கண்டிப்பானவர். சொன்னதைச் செய்ய வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. அடுத்த கட்டு என்னவென்று அவருக்கு மட்டுமே தெரியும் என்பதால், அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளைகள் திசை தெரியாமல் நின்றார்கள். ஆளைப் பார்த்து வேலை கொடுக்கும் முறைக்கு உள்ள ஆபத்து இது. பார்க்கிறவர் போய்விட்டால் என்ன செய்வது? தண்டல் வந்தால்தான் உளி எடுப்பேன் என்கிற வேலையாள் எந்தக் காலத்திலும் தேறமாட்டான் என்பதை நாம் அறிவோம்.

ஷுல் அந்தக் கேள்விக்கு விடை கண்டவர். ஒஹாயோவுக்குத் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்தபோது, இக்லோயிடம் கற்றதைத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு ஓடினார். தம் மூச்சைத் தாமே கவனித்தார். தமக்குத் தாமே கட்டு கட்டினார். ஆசிரியரின் கண்ணைத் தம் கண்ணாக்கிக்கொண்டார் என்று சொல்லலாம்.

1964 அக்டோபர் 18, டோக்கியோ ஒலிம்பிக். 5000 மீட்டர் இறுதிப் போட்டி. மழை பெய்து பாதை சேறாகிக் கிடந்தது. நம் மணி ஜெகதீசனும் எம். ராஜமணியும் மலேசியாவுக்காக ஓடிய அதே ஒலிம்பிக்தான். கடைசிச் சுற்று மணி அடித்தபோது பிரான்சின் மிஷேல் ஜாசி முன்னால் பாய்ந்தார். தங்கம் அவருக்கே என்று எல்லாரும் நினைத்தார்கள். ஷுல் பின்னால் இருந்தார். ஒவ்வொருவராகத் தாண்டினார். கடைசி நேர்பாதையில் ஜாசியையும் தாண்டினார். நேரம் 13 நிமிடம் 48.8 வினாடி. ஜெர்மனியின் நோர்போத் இரண்டாவது, அமெரிக்காவின் டெலிஞ்சர் மூன்றாவது. ஜாசி நான்காவதாகப் போனார். கடைசி 400 மீட்டரை அந்தச் சேற்றில் ஷுல் ஓடிய நேரம் 54.8 வினாடி! ஒலிம்பிக் 5000 மீட்டரில் தங்கம் வென்ற ஒரே அமெரிக்க ஆண் என்ற பெயர் 2024ஆம் ஆண்டு அவர் மறைந்தபோதும் அவரிடமே இருந்தது.

ஒரு பதக்கம்கூட இல்லாமல் மெல்பர்னிலிருந்து நாடு இழந்து போன பயிற்றுநருக்கு, எட்டு ஆண்டு கழித்து இப்படி ஒரு தங்கம் வந்தது. அது வேறொரு நாட்டின் கொடிக்கு ஏறிய தங்கம். அவர் பக்கத்தில் இல்லாமலே பயிற்சி செய்த பிள்ளை வென்ற தங்கம். எனக்கு இதில்தான் அவருடைய பெருமை முழுமையாகத் தெரிகிறது.

கைமாறிய விளக்கு

தாபோரியின் கதையும் உண்டு. அமெரிக்கக் குடியுரிமை கிடைக்காததால் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவர் எந்த நாட்டுக்காகவும் ஓட முடியவில்லை. நல்ல வயதில் ஓட்டக்காரனுக்கு அதைவிடக் கொடுமை வேறென்ன? நாடு திரும்பிய ரோஷாவோல்கி அதே ரோமில் 1500 மீட்டரில் வெண்கலம் பெற்றார். இருவரில் யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவரவர் சூழ்நிலை அவரவருக்குத்தான் தெரியும்.

தாபோரி மனம் உடைந்து உட்காரவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலேயே பயிற்றுநரானார். ஆசிரியரின் முறையை அப்படியே பிடித்துக்கொண்டு, பெண்களையும் சேர்த்துப் பழக்கினார். அந்தக் காலத்தில் பெண்கள் 26 மைல் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1500 மீட்டரே மிக நீண்ட ஓட்டமாக இருந்தது.

தாபோரியிடம் பயின்ற ஜாக்குலின் ஹான்சன் 1974ஆம் ஆண்டு மாரத்தோனில் உலகச் சாதனை படைத்தார். 1975ஆம் ஆண்டு 2 மணி 38 நிமிடம் 19 வினாடியில் ஓடி, 2 மணி 40 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண்மணியானார். அவரிடமே பயின்ற ஜப்பானியப் பெற்றோரின் மகளான மிக்கி கோர்மன் 1973இல் தமது 38ஆம் வயதில் உலகின் மிகச் சிறந்த நேரத்தை ஓடினார். 1975இல் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். அதற்குப் பின் 1976இலும் 1977இலும் நியூயார்க் மாரத்தோனில் முதலாவதாக வந்தார். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பிள்ளை பெற்ற பிறகு எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் சகோதரிகள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தோன் வேண்டும் என்று முன்னின்று பாடுபட்டவர்களில் ஹான்சனும் ஒருவர். 1984ஆம் ஆண்டு, தாபோரி வாழ்ந்த அதே லாஸ் ஏஞ்சல்ஸில் அது முதன்முதலாக நடந்தது. இக்லோயிடமிருந்து தாபோரிக்கு, தாபோரியிடமிருந்து ஹான்சனுக்கு என்று விளக்கு கைமாறிப் போய்க்கொண்டே இருந்தது.

இக்லோய் 1970களில் கிரேக்க நாட்டிலும் பயிற்சி கொடுத்தார். கடைசிக் காலத்தில் தாம் பிறந்த புடாபெஸ்டுக்கே திரும்பினார். 1998 ஜனவரியில் தமது 89ஆம் வயதில் அங்கேயே காலமானார். தாபோரி 2018ஆம் ஆண்டு மறைந்தார்.

நம் திடலுக்கு என்ன சேதி?

இக்லோயின் முறைதான் ஒரே வழி என்று நான் சொல்ல வரவில்லை. அவர் காலத்திலேயே நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் வாரத்துக்கு நூறு மைல் என்று நெடுந்தூர ஓட்டத்தை அடிப்படையாக வைத்து, பீட்டர் ஸ்னெல், முர்ரே ஹால்பர்க் போன்ற ஒலிம்பிக் வெற்றியாளர்களை உருவாக்கினார். பிற்பாடு உலகம் இரண்டையும் கலந்து எடுத்துக்கொண்டது. மேலும், இக்லோயிடம் வந்தவர்கள் வளர்ந்த ஆட்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு இருவேளைக் கடும்பயிற்சி கொடுப்பது அறிவீனம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் கண்ணை. பள்ளி விளையாட்டுப் போட்டி வரும்போது நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, “எல்லாரும் திடலைப் பத்துச் சுற்று” என்று விரட்டுவதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். காலையில் வெறும் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிள்ளையும் அதில் இருக்கும். இரவு முழுதும் இருமிய பிள்ளையும் இருக்கும். ஆறாவது சுற்றில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குச் “சோம்பேறி” என்று பட்டம். அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு பெயர் கொடுக்காது. அது ஷுலைப் போல ஒரு பிள்ளையா, இல்லையா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இது திடலோடு நிற்பதில்லை. தோட்டம் செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, “பக்கத்து வீட்டுப் பிள்ளை இத்தனை ஏ எடுத்தது, நீ எத்தனை?” என்ற கேள்வி அதிகமாகிவிட்டது. ஒரே அட்டவணை, ஒரே வேகம், ஒரே எதிர்பார்ப்பு. கணக்கில் மெதுவாகவும் கைவேலையில் வேகமாகவும் போகிற பிள்ளையை நாமே காயப்படுத்தி விடுகிறோம். காயம் பட்ட பட்டையில் முடிச்சுத்தான் மிஞ்சும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அல்ல, பணம் பிடிக்கும் காரியமும் அல்ல. வேலையைச் சிறு துண்டாக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு துண்டு முடிந்ததும் பிள்ளையைப் பார்க்க வேண்டும். இன்னும் தெம்பு இருந்தால் இன்னொன்று கொடுக்கலாம். இல்லையென்றால், நாளைக்கு வா என்று தட்டிக்கொடுத்து அனுப்பலாம். கொஞ்சம் வளர்ந்ததும், தன் உடம்பையும் மனத்தையும் தானே கவனிக்க அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். இக்லோய் செய்யாமல் விட்ட பங்கு அது. அதை நாம் செய்யலாம்.

இந்த ஆண்டும் பள்ளிகளில் போட்டிகள் நடக்கும். பிள்ளைகள் ஓடி வந்து நிற்பார்கள். கையில் இருக்கும் கடிகாரத்தைப் படிப்பதற்கு முன்னால், பெற்றோர்களே, ஆசிரியர்களே, அந்த முகத்தை ஒரு முறை பாருங்கள்.